பிரையர் (பனியில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங்கில் கனடா ஆண்கள் சாம்பியன்ஷிப்) வாசல்வரை போய்த் திரும்பியவர்களை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பனிக்காகம்:
இரண்டு வருடமாக மண்டையைக் குடைகிறது, எழுதிவிடுகிறேன். பிரையருக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் மாகாணப் போட்டியில் ஸ்கோர் பலகைக்குத் தன்னார்வலராக நின்றேன். மூன்று தோல்வி கண்டால் வீட்டுக்கு. அன்று ஆடிய ஓர் அணிக்கு ஏற்கெனவே இரண்டு. பத்தாவது எண்ட், அதாவது கடைசிச் சுற்று. ஹாமர், அதாவது கடைசிக் கல்லைத் தள்ளும் உரிமை, அவர்கள் கையில். கடைசிக் கல் ஹவுஸுக்குள் (இலக்கு வட்டத்துக்குள்) ஊர்ந்து நடுவை நெருங்கும்போது, கல்லுக்கு முன்னால் துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டிருந்த பையன் சட்டென்று நிமிர்ந்து கையைத் தூக்கினான். தன் துடைப்பம் கல்லில் பட்டுவிட்டதாம், அது தவறு. பத்தடி தள்ளி நின்ற என் கண்ணுக்கே தெரியவில்லை, நடுவரும் பார்க்கவில்லை. எதிரணி ஸ்கிப் (அணித் தலைவர்) கொஞ்சம் யோசித்துவிட்டுக் கல்லை எடுக்கச் சொன்னார். அவ்வளவுதான், ஆட்டம் போயிற்று.

அப்புறம் வழக்கம்போல ஜெயித்தவர்கள் பியர் வாங்கிக் கொடுத்தார்கள். அவன் குவளையில் நுரை அடங்கும்வரை தொடவே இல்லை.

ஸ்கார்பரோ சித்தப்பா:
அந்த ஸ்கிப் கல்லை அப்படியே விட்டிருக்கலாம், விதியில் அதற்கும் இடம் உண்டு. போகட்டும், தோற்றால்தான் என்ன? தரவரிசையில் ஏறியும் பிரையருக்கு வரலாமே.

2023இல் லண்டனில் (ஒன்டாரியோ லண்டன்தான்) பிரையர் பார்க்கப் போனேன். பக்கத்து இருக்கைப் பெரியவரின் பழைய ஜாக்கெட்டில் ஊதா இதயச் சின்னம். மாகாணத்தை ஜெயித்தவருக்குக் கிடைப்பது. ஒரே ஒரு தடவை பிரையர் போனாராம், ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லையாம். சொல்லும்போது சின்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கிரானைட்:
சித்தப்பா, தரவரிசைக் கதையெல்லாம் சரிப்படாது. பிரையரின் 18 அணிகளில் மாகாணங்களுக்குப் 10, பிரதேசங்களுக்கு 3, வட ஒன்டாரியோவுக்குத் தனியாக 1, நடப்புச் சாம்பியனுக்கு 1. மிச்சம் மூன்றுதான் தரவரிசைக்கு. குளிர்காலம் முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பணப்பரிசுப் போட்டி ஆடுபவர்களுக்குத்தான் அது எட்டும். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவனுக்கு மாகாணம் ஒன்றே வழி. 2015 முதல் 2017 வரை இன்னும் மோசம்: மாகாணத்தை ஜெயித்து வந்த சில அணிகள்கூட முன்தகுதிச் சுற்றில் தோற்று, பிரதான ஆட்டம் தொடங்குமுன்பே ஊர் திரும்பின.

என் அனுபவம் சின்னது. முதல் நாளே வழுக்கி விழுந்து பின்மண்டை வீங்கியது. ஆகவே இதைப் படித்துவிட்டு ஆசைப்படுபவர்களுக்கு: ஹெல்மெட் போடுங்கள். துடைப்பம் வாங்காதீர்கள், கிளப்பில் இரவல் கொடுப்பார்கள். சுத்தமான ரப்பர் அடி ஷூ போதும், ஆனால் வெளியே நடந்த ஷூவோடு பனியில் ஏறாதீர்கள், ஒரு மணல் துகள் கல்லின் போக்கையே மாற்றிவிடும். கல் 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, தூக்க நினைக்காதீர்கள், தள்ளினால் போதும். முழங்காலுக்கு முன்கூட்டியே பயிற்சி...

பனிக்காகம்:
ஹெல்மெட் பற்றி இங்கே யார் கேட்டது?

சித்தப்பா, எடுக்கச் சொன்ன ஸ்கிப் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கல் நின்ற இடத்தைப் பார்த்தேன். எடுக்காமல் விட்டிருந்தால் பையன் அணிதான் ஜெயித்திருக்கும். கையைத் தூக்கும்போது அவனுக்கும் அது தெரிந்திருக்கும்.