கிரேட் வால் பிக்கப்: டொயோட்டா ஹைலக்ஸ் இருக்கும்போது இதை வாங்கலாமா?

செம்மண்பாதை

சீனாவில் பாவ், ஆஸ்திரேலியாவில் கேனன், தென்னாப்பிரிக்காவில் பி-சீரிஸ், சிலி முதலான நாடுகளில் போயர். பெயர் நான்கு, வண்டி ஒன்று. கிரேட் வால் மோட்டார் 2019இல் சீனாவில் இறக்கிய நடுத்தர பிக்கப் இது. 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. இரண்டு லிட்டர் டர்போ டீசல், 120 கிலோவாட், 400 நியூட்டன் மீட்டர், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். ஆஸ்திரேலியாவில் இதே வசதிகளுள்ள ஹைலக்ஸை விட விலை பல ஆயிரம் டாலர் குறைவு. அதனால் "இனி ஹைலக்ஸ் வாங்குபவர்கள் பேட்ஜுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்" என்று இங்கே பலர் எழுதுகிறார்கள்.

எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. பிக்கப் என்பது வேலைக்கு வாங்கும் வண்டி. பத்துப் பதினைந்து வருடம் உழைக்க வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த நிறுவனத்தின் பழைய வரலாறு முக்கியம். 2009இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்த இவர்களின் வி240 பிக்கப், அந்த நாட்டின் ஆன்கேப் அமைப்பு நடத்தும் மோதல் சோதனையில் ஐந்துக்கு 2 நட்சத்திரம்தான் வாங்கியது. 2012இல் எஞ்சின், எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது தெரிந்து, கிரேட் வால், இன்னொரு சீன நிறுவனமான செரி இரண்டிலும் சேர்த்துச் சுமார் 23,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஆஸ்பெஸ்டாஸுக்கு அந்த நாட்டில் 2003 முடிவிலேயே முழுத் தடை வந்துவிட்டது. எந்த உதிரிபாகத்தில் என்ன இருக்கிறது என்று சரிபார்க்காமல் கப்பலேற்றியவர்கள் மேல் பத்து வருடத்தில் நம்பிக்கை வந்துவிடுமா?

முறுக்குவிசை

வரும். வண்டி மாறியிருந்தால் வரத்தான் வேண்டும்.

நீங்கள் சொன்ன வி240க்கும் கேனனுக்கும் சேசிஸில் தொடங்கி எதுவும் பொது இல்லை. 2021இல் அதே ஆன்கேப் இதற்கு 5 நட்சத்திரம் கொடுத்தது. முன்னிருக்கை இரண்டுக்கும் நடுவில் விரியும் ஏர்பேக், தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி எல்லாம் இருக்கிறது. கியர்பாக்ஸ் ஜெர்மனியின் இசட்எஃப் உருவாக்கியது. கரடுமுரடான பாதையில் மெல்ல ஏற லோ ரேஞ்ச் கியர் உண்டு, பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து சுழல டிஃபரன்ஷியல் லாக் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஏழு வருட வாரண்டி கொடுக்கிறார்கள். டொயோட்டா அங்கே கொடுப்பது ஐந்து வருடம்.

பழைய வரலாறு என்றால் எல்லாருடையதையும் எடுத்துப் பேசுவோம். 2015 முதல் 2020 வரை ஆஸ்திரேலியாவில் டொயோட்டா விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகள் சுமார் 2,64,000. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது அவற்றின் புகைவடிகட்டி தன்னைத்தானே சரியாகச் சுத்தம் செய்துகொள்ளவில்லை. அது குறைபாடுதான் என்று 2022இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக ஹைலக்ஸ் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். கிரேட் வாலுக்கு மட்டும் ஏன் தனி அளவுகோல்?

செம்மண்பாதை

அளவுகோல் ஒன்றுதான் நண்பரே. குறை எல்லா நிறுவனத்துக்கும் வரும். வந்த பிறகு அதைச் சரிசெய்ய ஊர் ஊராக ஆளும் பொருளும் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் அந்த 5 நட்சத்திரம். அது ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் விற்கும் வண்டிக்குக் கொடுத்தது. 2020 நவம்பரில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு ஆப்பிரிக்காவுக்காக நடத்திய மோதல் சோதனையில் இதே நிறுவனத்தின் ஸ்டீட் 5 பிக்கப் வாங்கியது பூஜ்யம். நன்றாகச் செய்யத் தெரிந்த நிறுவனம், கேட்க ஆள் இல்லாத இடத்தில் மோசமானதை விற்றது. இதை எப்படி மறப்பது?

தென்முனை

தென்னாப்பிரிக்காவில் இருக்கிறேன், அதனால் இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஸ்டீட் 5 வாங்கிய பூஜ்யத்தை யாரும் மறக்கக் கூடாது, சரி. ஆனால் 2018இல் இதே சோதனையில் நிசான் என்பி300 ஹார்ட்பாடியும் பூஜ்யம்தான் வாங்கியது. நிசான் ஜப்பானிய நிறுவனம். அந்த வண்டி இங்கேயே தயாரானது. ஆகவே இதைச் சீனாவின் குற்றமாகப் பார்க்காதீர்கள். சட்டம் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் எந்த நிறுவனமும் கொடுக்கிறது. நட்சத்திரம் கட்டாயமில்லாத நாட்டில் வாங்குபவர், தன் நாட்டில் விற்கும் வண்டியில் எத்தனை ஏர்பேக் இருக்கிறது என்று தானே எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த பிராண்டாக இருந்தாலும்.

செம்மண்பாதை சொல்லும் வேறொரு விஷயத்தில் நான் அவர் பக்கம். ஹைலக்ஸ் இங்கே டர்பனில் தயாராகிறது, ஃபோர்டின் ரேஞ்சர் பிக்கப் பிரிட்டோரியாவில். பி-சீரிஸ் சீனாவிலிருந்து கப்பலில் வருகிறது. ஒரு வண்டி உள்நாட்டில் தயாரானால் அதைச் சுற்றி உதிரிபாகம் செய்பவர், பழுது பார்க்கத் தெரிந்தவர் என்று ஒரு கூட்டமே வளர்ந்துவிடும். விலைப் பட்டியலைப் பார்த்தால் இது தெரியாது.

பட்டறைக்காரன்

நான் பழுது பார்க்கிறவன். இரண்டு பக்கமும் பிராண்டைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். லிஃப்டில் ஏற்றிக் கீழே நின்று பார்த்தால் வேறு விஷயங்கள் கண்ணில் படும்.

முதலில் துரு. 2025இல் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம், சீன வண்டிகளை விற்கும் எல்டிவி மேல் வழக்குப் போட்டது. துருப் புகார்கள் குவிந்த பிறகும், கடினமான சூழலைத் தாங்கும் வண்டி என்று டி60 பிக்கப்பை விளம்பரம் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. எல்டிவி வேறு நிறுவனம். அதன் குறையை கிரேட் வால் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் கடற்கரைப் பக்கம் வாழ்பவர், படகை இழுத்துக்கொண்டு உப்புத் தண்ணீரில் பின்சக்கரத்தை இறக்குபவர், எந்த பிக்கப் வாங்கினாலும் முதல் மாதமே சேசிஸ் பெட்டிக்கு உள்ளே மெழுகு அடித்துவிட வேண்டும். வெளியே அடிக்கும் கறுப்பு பெயின்ட் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். துரு உள்ளிருந்துதான் வரும்.

அடுத்தது உதிரிபாகம். ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் இன்று எந்தச் சீன வண்டிக்கும் சுலபமாகக் கிடைக்கிறது. கஷ்டம் வேறு இடத்தில். ஒரு சீனப் பிக்கப், பெயர் வேண்டாம், ஒரே ஒரு ஒயரிங் ஹார்னஸுக்காக எங்கள் பட்டறையில் வாரக்கணக்கில் நின்றது. எஞ்சினில் குறையே இல்லை. முன்பக்கம் இடித்ததில் சென்சாருக்குப் போகும் ஒயர் அறுந்திருந்தது. இந்த நிறுவனங்கள் மாடலை வேகமாக மாற்றுகின்றன. அந்த வேகத்தில் விளக்கும் பம்பரும் கனெக்டரும் மாறிவிடுகின்றன. சேசிஸ் நம்பர் கொடுக்காமல் ஆர்டர் போட்டால் வேறு பொருள்தான் வரும். ஹைலக்ஸ் ஒரே உருவத்தில் பல வருடம் இருக்கும். அது பழசாகத் தெரிவது உண்மை. ஆனால் உடைத்து விற்கிற இடத்தில் அதன் பாகம் கிடைப்பதற்கும் அதுவே காரணம்.

முறுக்குவிசை சொன்ன புகைவடிகட்டி விஷயமும் சரிதான். ஆனால் அது டொயோட்டாவோடு முடிகிற கதை இல்லை. எந்த நவீன டீசலிலும் வடிகட்டியில் சேரும் கரி எரிய நல்ல சூடு வேண்டும். நகரத்துக்குள் ஐந்து நிமிட ஓட்டமாகவே ஓட்டினால் அந்தச் சூடு வராது, கரி அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் போக ஒரு டீசல் பிக்கப்பை வாங்கிவிட்டு கம்பெனியைத் திட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்கு டீசலே தேவையில்லை.

முறுக்குவிசை

பட்டறைக்காரன் அண்ணே, ஹார்னஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் புது ஹைலக்ஸுக்குப் பணம் இல்லாதவர் முன்னால் இருக்கும் வழி என்ன? இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய ஹைலக்ஸ், அல்லது வாரண்டியோடு புது கேனன். பழைய ஹைலக்ஸில் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி இல்லாமல் இருக்கலாம், வாரண்டி முடிந்திருக்கும், இன்ஜெக்டர் போனால் முழுச் செலவும் அவருடையது. நான் பேசுவது அந்த ஆளுக்காக. இத்தனை நாள் பாதுகாப்பான புது பிக்கப் அவருக்கு எட்டாததாகவே இருந்தது. இப்போது எட்டுகிறது. இதைச் சின்ன விஷயமாக ஒதுக்காதீர்கள்.

இழுவைக்கொக்கி

டிரெய்லர் இழுவையைப் பற்றி யாரும் பேசவில்லையே. பாதிப் பேர் பிக்கப் வாங்குவது அதற்குத்தானே.

ஆஸ்திரேலியாவில் கேனன் இரண்டு லிட்டருக்கு அனுமதி 3,000 கிலோ. ஹைலக்ஸ் 2.8 லிட்டர் டீசல் 150 கிலோவாட், 500 நியூட்டன் மீட்டர், 3,500 கிலோ. காகிதத்தில் 500 கிலோதான் வித்தியாசம். ஏற்றத்தில் டிரெய்லரோடு ஒரு லாரியை முந்தும்போது அந்த 100 நியூட்டன் மீட்டர் எவ்வளவு பெரிது என்று தெரியும்.

அதைவிடப் பலர் தவறவிடும் கணக்கு ஒன்று உண்டு. டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொக்கியின் மேல் அழுத்தும். 3,000 கிலோ இழுத்தால் 300 கிலோ. அது வண்டியின் சுமைக் கணக்கில் சேரும். கேனனின் சுமை 1,050 கிலோ என்றால் மிச்சம் 750. ஐந்து பேர், முன்பக்க இரும்பு பம்பர், பின்தொட்டி மூடி, தண்ணீர், கருவிப்பெட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் எடை மேடையில் மாட்டுவோம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். இந்தக் கணக்கு ஹைலக்ஸுக்கும் இதே மாதிரிதான்.

இப்போது கேனனில் 2.4 லிட்டர் டீசல் வந்துவிட்டது. 135 கிலோவாட், 480 நியூட்டன் மீட்டர், ஒன்பது கியர், 3,500 கிலோ. இழுவைக்காக என்றால் இரண்டு லிட்டரைப் பார்க்கவே வேண்டாம்.

புதுச்சக்கரம்

அப்படியென்றால் பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் சீனப் பிக்கப், பிஒய்டி ஷார்க் 6? 321 கிலோவாட், 650 நியூட்டன் மீட்டர் என்கிறார்கள். ஹைலக்ஸை விட இரண்டு மடங்கு பவர்.

இழுவைக்கொக்கி

பவர் அதிகம், ஆனால் 2024இல் வந்த அந்த 1.5 லிட்டர் ஷார்க்கின் இழுவை அனுமதி 2,500 கிலோ, சுமை 790 கிலோ. கொக்கிக்கு 250 போனால் 540 மிஞ்சும். பின்சக்கரத்துக்கு எஞ்சினிலிருந்து ஷாஃப்ட் போகாது, அதற்குத் தனி மோட்டார். லோ ரேஞ்ச் கிடையாது. அந்த 321 கிலோவாட் பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரைதான். நீண்ட மலையேற்றத்தில் கனமான டிரெய்லரோடு போனால் 29.58 கிலோவாட் மணி பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். அப்புறம் அந்த 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தருவதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். தினமும் வீட்டில் சார்ஜ் போட்டு, கருவிகளோடு ஊருக்குள் வேலைக்குப் போகிறவருக்கு அருமையான வண்டி. வண்டியிலிருந்தே மின்சாரம் எடுத்து வெல்டிங் மெஷின் ஓட்டலாம். கேரவன் இழுப்பவருக்கு இல்லை.

செம்மண்பாதை

இவ்வளவு பேசியும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. 2.4 எஞ்சின் புதிது, அந்த ஒன்பது கியர் பெட்டி புதிது. ஆஸ்திரேலியாவில் 2020 கடைசியில் விற்ற முதல் கேனன்களின் வாரண்டியே 2027 கடைசியில்தான் முடியும். வாரண்டி முடிந்து, கம்பெனி கை கொடுக்காத நிலையில் அந்த வண்டிகள் எப்படி ஓடுகின்றன, என்ன விலைக்குக் கைமாறுகின்றன என்று பார்க்காமல் ஹைலக்ஸுக்கு இணை என்று சொல்ல நான் தயாரில்லை.

முறுக்குவிசை

2027 வரை காத்திருக்க உங்களால் முடியும், உங்களிடம் ஓடுகிற வண்டி இருக்கிறது. அடுத்த மாதம் வேலைக்கு வண்டி வேண்டும் என்பவர், கையில் இருக்கும் பணத்தில் எது அதிகப் பாதுகாப்பு தருகிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். அவர் வாங்க வேண்டியது கேனன் 2.4 என்றே நான் சொல்வேன். வாங்கும் முன் வேலைக்குப் பயன்படுத்தினால் வாரண்டி விதி மாறுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

பட்டறைக்காரன்

அதோடு பக்கத்து சர்வீஸ் சென்டருக்குப் போய், முன்பக்க ரேடார் சென்சார் ஒன்று ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் வரும் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு பிராண்டைப் பாருங்கள்.