அக்கிக்கு மாத்திரை போடலாமா, இல்ல அக்கி எழுதணுமா? அம்மா போடவே மாட்டேங்குறாங்க

கும்பகோணத்துப் பொண்ணு:
அம்மாவுக்கு 62 வயசு, சுகர் இருக்கு. இடது விலாவுல நெருப்பு வெச்ச மாதிரி எரியுதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, நேத்து காலைல பாத்தா முதுகுலேர்ந்து மார்பு வரைக்கும் ஒரே பக்கமா பட்டையா கொப்புளம். ஸ்கின் டாக்டர் பாத்ததுமே அக்கின்னு சொல்லி அசைக்ளோவிர் 800, தினம் அஞ்சு வேளை, 7 நாளைக்குன்னு எழுதிக் கொடுத்தாரு. ஆனா அத்தை, இங்கிலீஷ் மருந்து போட்டா உள்ள அமுங்கிடும், வேளார் வீட்டுல காவி மண்ணுல அக்கி எழுதினா எறங்கிடும்னு சொல்றாங்க, அம்மாவும் அதையே புடிச்சுக்கிட்டாங்க. அஞ்சு வேளை எப்படித்தான் போடுறது? தம்பி பொண்டாட்டி மாசமா இருக்கா, அவ வேற கூடவே இருக்கா, பயமா இருக்குங்க.

மருந்துக்கடை அண்ணன்:
முதல்ல மாத்திரைய ஆரம்பிங்கம்மா, மத்தத அப்புறம் பேசலாம். கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் முழுப் பலன். சின்ன வயசுல வந்த சின்னம்மையோட (சிக்கன்பாக்ஸ்) வைரஸ்தான் நரம்புக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்து இப்ப எழுந்திருக்கு, மாத்திரை அத அடியோட அழிக்காது, பெருக விடாம தடுக்கும், அதான் நேரம் முக்கியம். காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10ன்னு போன்ல அலாரம் வெச்சுடுங்க, ராத்திரி எழுப்ப வேண்டாம். சாப்பிட்டும் போடலாம் சாப்பிடாமலும் போடலாம், ஆனா தண்ணி நல்லா குடிக்கணும். சுகர்காரங்கங்கறதால கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட்) எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, கிட்னி கொஞ்சம் வீக்கா இருந்தா டோஸ் குறைப்பாங்க. வலிக்குன்னு கடையில நீங்களா வேற மாத்திரை வாங்கிப் போடாதீங்க. பேச்சு குழறினாலோ ஆள் தெரியாம பேசினாலோ உடனே கூட்டிட்டுப் போங்க. அஞ்சு வேளை முடியவே முடியாதுன்னா வாலாசைக்ளோவிர்னு ஒண்ணு இருக்கு, 1 கிராம் மூணு வேளை, உடம்புக்குள்ள போய் அசைக்ளோவிராவே மாறிடும், டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்கலாம்.

மதுரை மீனா:
எங்க அப்பாவுக்கு நெத்தில வந்துச்சு. மூக்கு நுனில ஒரு கொப்புளத்தப் பாத்ததும் டாக்டர் அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட அனுப்பிட்டாரு, கண்ணுக்குள்ள போற நரம்பும் அதுதானாம். உங்கம்மாவுக்கு விலாவுலங்கறதால அந்தப் பயம் இல்ல. ஆனா கொப்புளம் காஞ்சப்புறமும் சிலருக்கு எரிச்சல் மாசக்கணக்குல நிக்கும், அப்பாவுக்கு ஜிப்பா துணி பட்டாலே துடிப்பாரு. அதுக்குத் தனியா நரம்பு வலி மருந்து இருக்கு, பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்க வேணாம். அக்கி எழுதறது காலங்காலமா செய்யறதுதான், எழுதறவங்களையும் நான் குறை சொல்லல, ஆனா சுகர் இருக்கற உடம்புல ஒடஞ்ச கொப்புளத்து மேல மண்ணு பட்டா சீழ் வெச்சுடும். அக்கி தானாவும் எறங்கறதுதான், அதனாலதான் எழுதினதால எறங்குச்சுன்னு எல்லாருக்கும் தோணுது. அத்தைகிட்ட சண்டை போடாதீங்க, மாத்திரைய போடாம மட்டும் விட்டுடாதீங்க.

மருந்துக்கடை அண்ணன்:
தம்பி சம்சாரத்துக்கு முன்னாடியே சின்னம்மை வந்திருந்தா பெரும்பாலும் பயமில்ல. வந்ததில்லன்னா, இல்ல தெரியலன்னா, அவங்க பாக்கற டாக்டருக்கு இன்னைக்கே போன் பண்ணுங்க, ரத்தத்துல டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். கொப்புளத்து தண்ணிலதான் ஒட்டும், அதனால பொருக்கு தட்டற வரைக்கும் துணியால மூடி வைங்க, துண்டு, படுக்கை தனியா.

கும்பகோணத்துப் பொண்ணு:
ரொம்ப நன்றிண்ணா, மீனாக்கா. இப்பதான் சண்டை போடாம பேசி முதல் மாத்திரை போட வெச்சேன். கிரியாட்டினின் ரிப்போர்ட் பழசா இருக்கு, புதுசா எடுக்கணுமா?

மருந்துக்கடை அண்ணன்:
டாக்டர்கிட்ட போன்ல சொல்லிட்டு நாளைக்கே எடுத்துடுங்கம்மா. ரிப்போர்ட் வரட்டும்னு அவரு சொல்லாம நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க.