மறு: ஃபோர்க்: கவையா, கவர்வா, இல்லை ஃபோர்க்கே போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை பயிலரங்கு. பங்களிப்போர் கையேட்டின் பிஓ கோப்பில் (மொழிபெயர்ப்பு வரிகள் உள்ள கோப்பு) மற்ற வரிகள் எல்லாம் முடிந்துவிட்டன. ஃபோர்க் (fork), அதாவது ஒரு மென்பொருளின் களஞ்சியத்திலிருந்து தனிக் களஞ்சியமாகப் பிரித்துக்கொள்வது: இந்த ஒரு சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது என்பதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

> ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?

சென்ற முறை கையேட்டில் ஃபோர்க், குளோன் இரண்டுக்கும் 'நகலெடு' என்றே போட்டிருந்தோம். ஒரு மாணவி மூலக் களஞ்சியத்தை (திட்டத்தின் கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் இடம்) நேராகத் தன் மடிக்கணினிக்கு இறக்கி, நிறுவும் முறை பற்றிய பக்கத்தில் இரண்டு பிழைகளைத் திருத்தி, புஷ் கொடுத்தார், அதாவது திருத்தத்தைத் திருப்பி ஏற்றப் பார்த்தார். அனுமதி இல்லை, 403 என்று வந்தது. "நகலெடுத்துட்டேனே சார்" என்றார். கையேடு சொன்னதைத்தான் அவர் செய்திருந்தார். களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் தன் கணக்கில் ஒரு களஞ்சியம் உண்டாக்கிக்கொள்வது (ஃபோர்க்) வேறு, அதைக் கணினிக்கு இறக்குவது (குளோன்) வேறு.

> கிளை என்றே வைத்துக்கொள்ளலாமே?

அது பிராஞ்சுக்குப் (ஒரே களஞ்சியத்துக்குள் பிரிவது) போய்விட்டது.

> கவர்வு என்பதே சரி. சிலம்பே சான்று.

ஐயா, காடுகாண் காதை வரியை எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. 'அறைவாய்ச் சூலத் தருநெறி கவர்க்கும்': சூலம் போல வழி மூன்றாகப் பிரிகிறது, மூன்றும் மதுரைக்கே போகின்றன. நம் திருத்தமும் அப்படித்தான், புல் ரிக்வெஸ்டாக (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் வேண்டுகோள்) தாய்க் களஞ்சியத்துக்கே வந்து சேர வேண்டும். ஆனால் 2010இல் அலுவலக மென்பொருளான ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்த லிப்ரெ ஆபீஸ் திரும்பிச் சேரவில்லை. அதுவும் ஃபோர்க்தான். அப்புறம், 'கவர்' என்று காதில் விழுந்ததும் மாணவருக்கு அஞ்சல் உறைதான் நினைவுக்கு வரும்.

அதே வேரில் வருவதுதான் கவை. குறுந்தொகை 324இல் 'கவைமக' என்றால் இரட்டைப் பிள்ளைகள். பிரியும் நொடிவரை இரண்டு களஞ்சியங்களுக்கும் ஒரே வரலாறு, அதன் பிறகு அதது வளர்கிற வழி. இதைவிட நெருங்கி வரும் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வினையாகவும் வளைகிறது: கவைத்துக்கொள், கவைத்த களஞ்சியம்.

> 'கவைக்குதவாத பேச்சு' தவிர கவையை இன்று யார் சொல்கிறார்கள்?

எங்கள் பக்கம் முள் வெட்டப் போகிறவர் ஒரு கையில் அரிவாள், மறு கையில் கவைக்கோல். கவையால் முள்ளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் வெட்டுவார்கள். அதைப் பார்க்காத பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஒரு கவட்டைக் குச்சி வரைந்தால் போதும்.

> பொத்தானில் ஃபோர்க் என்றுதான் இருக்கிறது. வகுப்பில் அதைத்தான் தேடுவார்கள்.

அக்கா, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கிட்ஹப் முகப்பு தமிழில் இல்லாதபோது பொத்தானின் பெயரை நாம் மாற்ற முடியாது. அதனால் செய்முறை வரிகளில் "ஃபோர்க் பொத்தானை அழுத்திக் களஞ்சியத்தைக் கவைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கிறேன். விளக்கப் பகுதியில் கவை மட்டும். பயிலரங்கில் யாராவது தடுமாறினால் எழுதுங்கள், திருத்திவிடலாம்.

நேற்றுவரை கவைக்கு நான்கு பேர், ஃபோர்க்குக்கு இரண்டு பேர், கவர்வுக்கு ஐயா ஒருவர். அவர் மறுப்பைச் சொல்லடைவில் குறிப்பாகச் சேர்த்துவிட்டேன். கோப்பை இன்றிரவு ஏற்றுகிறேன்.

கம்மிட்டுக்கு (மாற்றத்தைக் களஞ்சியத்தில் பதிவு செய்வது) என்ன சொல் என்று பேசத் தனி இழை தொடங்குங்கள். அது சனிக்கிழமைக்குள் முடியாது.