மறு: 'எம்பாரஸ்மென்ட்' அளவுகோலுக்கு தமிழ்ல என்ன சொல்?

வணக்கம் அண்ணா,

இயேசு பத்தின வரலாற்று ஆய்வுல வர்ற ரெண்டு சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தீங்க: பிற்பாடு யாரோ மூலத்துல நுழைச்ச வரிக்குச் சொல்ற 'இன்டர்போலேஷன்', அப்புறம் எழுதினவங்களுக்கே சங்கடமான செய்தின்னா அத அவங்க கற்பனையா உண்டாக்கியிருக்க மாட்டாங்கன்னு சொல்ற 'எம்பாரஸ்மென்ட்' அளவுகோல். இன்டர்போலேஷனுக்கு இடைச்செருகல்னே வெச்சுக்கலாம். யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் கி.பி. 93 வாக்குல எழுதின யூத வரலாறு, 18ஆம் புத்தகத்துல "இவரே கிறிஸ்து"ன்னு வர்ற வரி பிற்பாடு கிறிஸ்தவர் யாரோ சேர்த்ததுன்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துக்கறாங்க, கம்பன்ல மிகைப்பாடல் பிரிச்சுப் பழகின நமக்கு இது சட்டுனு புரியும்.

ஆனா நீங்க சொன்ன 'வெட்க அளவுகோல்' எனக்கு ஒட்டவே இல்லண்ணா. வெட்கம் யாருக்கு? மாற்கு சுவிசேஷம்தான் முதல்ல வந்தது, கி.பி. 70ஐ ஒட்டி, அதுல யோவான் ஸ்நானகன் பாவமன்னிப்புக்குன்னு ஞானஸ்நானம் குடுக்கறார், பாவமே இல்லாதவர்னு கிறிஸ்தவர்கள் நம்பற இயேசுவும் யோர்தான் ஆத்துக்கு வந்து வாங்கிக்கறார், அவ்ளோதான், மாற்கு கூச்சப்பட்ட மாதிரி ஒரு வார்த்தை கிடையாது. அதுக்கப்புறம் வந்த மத்தேயுவுக்குத்தான் அங்க கால் தடுக்குது, நான் உங்ககிட்ட வாங்கணும், நீங்க எங்கிட்ட வரலாமான்னு யோவானே மறுக்கற மாதிரி 3:14ல சேர்க்கறார். நாலாவது சுவிசேஷத்துல ஆவி புறா மாதிரி இறங்குது, ஞானஸ்நானம் வாங்கினார்ங்கற பேச்சையே காணோம். எழுதினவர் மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாது, ஒரே இடத்துல ஒவ்வொருத்தரா கால் தடுக்கினது மட்டும் பக்கத்துக்குப் பக்கம் தெரியுது.

அதனால என் பரிந்துரை 'இடறல் அளவுகோல்'. சொல் நம்ம பழைய பைபிள்லயே இருக்கு, 1 கொரிந்தியர் 1:23ல சிலுவையில அறையப்பட்ட கிறிஸ்து யூதருக்கு "இடறலாயும்"னு வரும். இயேசு வாழ்ந்தவர்தான்னு 2012ல புத்தகமே எழுதின புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் பார்ட் எர்மனும் அங்கதான் அழுத்திச் சொல்றார், செத்துப்போற மேசியாவ (யூதர் எதிர்பார்த்த மீட்பர) எந்த யூதரும் கற்பனையா உண்டாக்கியிருக்க மாட்டார்னு. ஒரே சொல் ரெண்டு இடத்துக்கும் பொருந்துதே, அது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அக்கா கேட்ட 'சங்கடச் சான்று'ல 'சான்று' வேணாம்னு தோணுது. தன்னையே காயடிச்சுக்கிட்ட ஆட்டிஸ்ங்கற பழங்காலத் தெய்வத்தோட கதையும் பக்தர்களுக்கு சங்கடமானதுதான், அதுக்காக அது நடந்ததா ஆயிடுமான்னு, இயேசு வாழ்ந்தாரான்னே சந்தேகப்படற ரிச்சர்ட் கேரியர் கேக்கறார், நியாயமான கேள்வி, பேர்லயே சான்றுன்னு போட்டா விவாதத்துக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதின மாதிரி ஆயிடும்.

வாக்கியத்துல போட்டுப் பாருங்க: "யோர்தான் ஞானஸ்நானம் இடறல் அளவுகோல்ல தேறுது." எனக்கு ஓடுது, உங்களுக்கு?