செல்மா பாலத்தின் பெயர்

அமெரிக்காவின் அலபாமா மாநிலப் பக்கம் போனவர்கள் எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் செல்மாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஊருக்குள் காரை நிறுத்திவிட்டு எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் நடந்தேன். நடுவில் மேடேறி இறங்கும் பாலம் அது. ஊர்ப்பக்கம் நின்றால் அக்கரை தெரியாது. 1965 மார்ச் 7 அன்று கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கேட்டு ஊர்வலமாக வந்த சுமார் 600 பேரும் இப்படித்தான் ஏறியிருக்கிறார்கள். உச்சிக்கு வந்த பிறகுதான் எதிரே வரிசைகட்டி நின்ற போலீஸ் கண்ணில் பட்டது. தடியடி, கண்ணீர்ப்புகை, குதிரைகள். முன்வரிசையில் நடந்த போராட்டத் தலைவர் ஜான் லூயிஸுக்கு மண்டை உடைந்தது. அப்போது அவருக்கு வயது 25. அந்த ஆகஸ்டிலேயே வாக்குரிமைச் சட்டம் வந்துவிட்டது.

கைப்பிடியோரம் ஒரு கறுப்பினப் பாட்டி பேரனோடு நின்றிருந்தார். அன்று அந்தக் கூட்டத்தில் இருந்த சிறுமியாம். திரும்பி ஓடும்போது ஒரு ஷூ கழன்று போனதாம்; பிரவுன் சேப்பல் தேவாலயத்துக்குள் போய் உட்காரும் வரை அது தெரியவே இல்லை என்றார். அப்புறம் தலைக்கு மேலே வளைவில் பெரிய எழுத்தில் இருந்த பெயரைக் காட்டினார். பெட்டஸ், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட படையின் ஜெனரல், கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் தலைவர்.

"பெயரை மாற்றிவிடலாமே?" என்றேன்.

"அவர் பெயர் போட்ட பாலத்தில்தான் நாங்கள் நடந்தோம். அதை எதற்கு மறைக்க வேண்டும்?" என்று கேட்டார்.

ஜான் லூயிஸும் 2015-ல் பெயர் மாற்றம் வேண்டாம் என்றுதான் எழுதினார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

---

நல்ல பதிவு சார். ஆனால் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. என் மகள் அதே அலபாமாவில் டஸ்கலூசா என்ற ஊரில் படித்தாள். 1540-ல் ஸ்பானியப் படையோடு மோதிய பூர்வகுடித் தலைவரின் பெயர் அந்த ஊருக்கு. 1830-களில் அந்த மக்களை மேற்கே விரட்டிவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஃபாஸ்டர் அரங்க வாசலுக்கு மகள் கூட்டிப் போனாள். 1963 ஜூன் 11 அன்று விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்களை உள்ளே விடாமல் கவர்னர் ஜார்ஜ் வாலஸ் மறித்து நின்ற வாசல் அது. அங்கே நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் மறித்தும் பயனில்லை; விவியன் 1965-ல் பட்டமே வாங்கிவிட்டார். இன்று அந்த முற்றத்துக்கு மலோன், ஹூட் பெயர்களைத்தான் வைத்திருக்கிறார்கள். செல்மாவிலும் நடந்தவர்கள் பெயர் இருந்தால் என்ன?

---

நீங்கள் சொல்வதும் நியாயம்தான். அடுத்தமுறை செல்மா போங்கள். பிரவுன் சேப்பலுக்குப் பாலத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஊர்வலம் அங்கிருந்துதான் புறப்பட்டது.