ஒரே செய்தியில் நான்கு 'புட்'

குழு: அம்மா வழி (சேலம் – ஏற்காடு)

மாமா, ஏற்காடு | காலை 7.12
அனைவருக்கும் வணக்கம். ஏப்ரலில் நம் தோட்டத்து வீட்டில் தங்க வருவதாக இருந்த இங்கிலாந்து அம்மையார் மறுபடியும் எழுதியிருக்கிறார். ஐந்தே வரி, அதில் 'புட்' (put) என்ற ஆங்கில வினை நான்கு முறை வருகிறது. பயணத்தை 'புட் ஆஃப்' செய்ய நேர்ந்ததாம். வெள்ளிக்கிழமை முதல் இரண்டு இரவுகள் தங்களை 'புட் அப்' செய்ய முடியுமா என்று கேட்கிறார். அதனால் நாங்கள் 'புட் அவுட்' ஆகமாட்டோம் என்று நம்புகிறாராம். பச்சைத் தண்ணீர்தான் என்றாலும் 'புட் அப் வித்' செய்துகொள்வார்களாம். முப்பது ஆண்டுகள் அலுவலகத்தில் நான் 'புட் அப்' செய்தவையெல்லாம் கோப்புகள்தான். இவர்களை எந்த அதிகாரியின் மேசைக்கு அனுப்புவது?

அத்தை, ஏற்காடு | 7.15
'புட் அவுட்' என்றால் நெருப்பை அணைப்பது என்றுதான் எனக்குத் தெரியும். இரவில் முற்றத்தில் கணப்பு மூட்ட வேண்டாம் என்கிறார்கள் போலிருக்கிறது என்று விறகை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

பெரியம்மா, சூரமங்கலம் | 7.31
விறகை வெளியிலேயே வை. நெருப்பை அணைப்பதும் 'புட் அவுட்'தான், ஆனால் இங்கே அவர் கேட்பது தங்கள் வருகையால் உங்களுக்குச் சிரமம் நேருமா என்பது. 'புட் அப்' என்றால் வந்தவருக்கு இடம் கொடுத்துத் தங்கவைப்பது. கோப்பை மேலே அனுப்புவது நம் நாட்டு அலுவலகங்களில் நிலைத்துவிட்ட வழக்கு. 'புட் ஆஃப்' என்பது தள்ளிப்போடுவது. 'புட் அப் வித்' என்பது பொறுத்துக்கொள்வது. வினை ஒன்றுதான், பின்னால் ஒட்டும் சிறுசொல் மாறும்போது பொருளே வேறாகிவிடுகிறது. 'புட்' என்பதற்கு 'வை' என்று அகராதியில் பார்த்துவிட்டு 'அப்' என்பதற்கு 'மேலே' என்று கூட்டினால், விருந்தாளியைப் பரணில் ஏற்ற வேண்டியதுதான்.

மாமா, ஏற்காடு | 7.34
அக்கா, தள்ளிப்போடுவதற்கு 'போஸ்ட்போன்' என்ற நல்ல சொல் இருக்கும்போது, படித்த அம்மையார் ஏன் இப்படிக் கொச்சையாக எழுத வேண்டும்?

பெரியம்மா, சூரமங்கலம் | 7.58
கொச்சை என்று சொல்லாதே, தம்பி. வகுப்பில் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது தவறு என்று பிறகுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் சொற்கள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. 'புட்', 'கெட்', 'கிவ்', 'டேக்' போன்றவை அந்த மொழியின் பழைய வீட்டுச் சொற்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு மொழி வந்தது. அந்த வழியாகவும், பின்னர் கல்வியின் வழியாக நேரடியாகவும், லத்தீன் சொற்கள் பெருகின. 'போஸ்ட்போன்' அந்த இரண்டாம் அடுக்கைச் சேர்ந்தது. ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால், லத்தீனில் 'போஸ்ட்' என்பது பின், 'போனெரே' என்பது வை. ஆக அதுவும் 'பின்னால் வை' என்பதுதான். அன்றாடம் பேசும்போதும் தெரிந்தவர்களுக்கு எழுதும்போதும் அவர்கள் முதல் அடுக்கிலிருந்து எடுக்கிறார்கள். நாமோ ஆங்கிலத்தைப் புத்தகத்திலிருந்து கற்றதால் இரண்டாம் அடுக்கையே உயர்வென்று எண்ணிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கும் அரசாணை போல எழுதுகிறோம்.

நான், அஸ்தம்பட்டி | 8.06
தமிழிலும் இதே பிரிவு உண்டு, பெரியம்மா. செய்தித்தாளில் 'விழா ஒத்திவைக்கப்பட்டது' என்று வரும். வீட்டில் 'கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள்' என்போம். தள்ளிப்போடுவதைக் கொச்சை என்று யாரும் சொல்வதில்லை. 'விட்டுக்கொடு' என்பதில் விடுவதும் கொடுப்பதும் தெரிகின்றன, ஆனால் பிடிவாதத்தைத் தளர்த்துவது என்ற பொருள் இரண்டிலும் தனியாக இல்லை. 'கண்டுபிடி' என்பதையும் 'தட்டிக்கழி' என்பதையும் வேற்றுமொழிக்காரருக்கு விளக்கிப் பாருங்கள், அந்த அம்மையாரின் 'புட்' எவ்வளவோ மேல் என்று தோன்றும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: நாம் வினையோடு வினையைச் சேர்க்கிறோம், அவர்கள் மேல், கீழ், உள், வெளி என்று திசை காட்டும் சொற்களைச் சேர்க்கிறார்கள்.

பெரியம்மா, சூரமங்கலம் | 8.13
நல்ல ஒப்பீடு. 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, வினைக்குப் பின் சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வகைதான் அயல்மொழியாருக்கு மிகப் பெரிய இடர்ப்பாடு என்று முன்னுரையில் எழுதிவைத்திருக்கிறார். இந்த வகைக்கு 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயரை எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல்தான் தம் நூலில் பயன்படுத்தினார். பெயர் வைப்பதற்கு முன்பே அது எத்தனையோ பேரைத் திணறவைத்திருக்கிறது. தம்பி, நீ தனியாள் இல்லை.

தம்பி, பெங்களூரு | 8.20
மாமா, உங்கள் மலைப்பாதையிலேயே ஒன்று ஓடுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் 'வண்டியில் பிக்கப் இல்லை' என்று புலம்புவீர்களே, அது இந்த இனம்தான். செட்டப், பேக்கப், மேக்கப், செக்கப் என்று பெயர்ச்சொல்லாக மாறியவற்றைத்தான் தமிழ் எடுத்துக்கொண்டு, வினை வேண்டும்போது 'பண்ணு' சேர்த்துக்கொள்கிறது. எங்கள் வேலையில் இதில் பிழை மலிந்திருக்கிறது: 'லாகின்' பெயராக வரும்போது ஒரே சொல், 'லாக் இன்' வினையாக வரும்போது இரண்டு சொற்கள். பேச்சிலும் பெயர் என்றால் அழுத்தம் முன்பகுதியில் விழும், வினை என்றால் பெரும்பாலும் பின்பகுதிக்குப் போகும்.

அம்மா, அஸ்தம்பட்டி | 8.24
2019இல் கல்லூரியிலிருந்து 'பாஸ் அவுட்' ஆனேன் என்று நீ எழுதியிருந்தாயே, அது சரியா?

தம்பி, பெங்களூரு | 8.25
இந்தியாவுக்குள் சரி, அம்மா. வெளிநாட்டில் மயங்கி விழுந்தேன் என்று படிக்கக்கூடும். 'கிராஜுவேட்டட்' என்று மாற்றிவிட்டேன்.

மாமா, ஏற்காடு | 8.41
பதில் எழுதிவிட்டேன், அனுப்பும் முன் பாருங்கள். 'யூ புட் அஸ் ஆஃப் இன் ஏப்ரல், நோ பிராப்ளம். வீ வில் புட் அப் யூ. வீ வில் கோப் அப் வித் எவ்ரிதிங்.'

பெரியம்மா, சூரமங்கலம் | 8.55
நல்லவேளை, அனுப்பவில்லை. தள்ளிப்போட்டது பயணத்தை, அந்த இடத்தில் 'அஸ்' என்று ஆளை வைத்தால், ஏப்ரலில் நீங்கள் எங்களுக்கு வெறுப்பேற்றினீர்கள் என்றும் படிக்கலாம். அடுத்தது, 'புட் அப் யூ' வராது. 'யூ', 'இட்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர்கள் செயப்படுபொருளாக வந்தால் இத்தகைய வினையின் நடுவில்தான் உட்காரும்: 'புட் யூ அப்'. 'கெஸ்ட்ஸ்' என்று பெயராக வந்தால் நடுவிலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். ஆனால் எல்லாமே இப்படிப் பிரியாது. 'லுக் ஆஃப்டர்' பிரியாமல் 'லுக் ஆஃப்டர் யூ' என்றே நிற்கும். இதற்கு ஒரே சூத்திரம் சொல்லத் தெரிந்திருந்தால் என் மாணவர்கள் எவ்வளவோ பிழைத்திருப்பார்கள். கடைசியாக, 'கோப்' உடன் 'அப்' கிடையாது, 'கோப் வித்' மட்டும்தான். வேண்டிய இடத்தில் சிறுசொல்லை விழுங்கிவிட்டு வேண்டாத இடத்தில் ஒட்டுவது நமக்குக் கைவந்த பழக்கம். 'டிஸ்கஸ் அபவுட்' என்பதும் அந்தக் கணக்குதான்.

நான், அஸ்தம்பட்டி | 9.02
மாமா, இப்படி அனுப்புங்கள்: 'வீ கேன் ஈசிலி புட் யூ அப் ஃபிரம் ஃபிரைடே. இட் ஓன்ட் புட் அஸ் அவுட் அட் ஆல்.' அவர் பேசும் தொனியிலேயே இருக்கும். ஆனால் முன்பணம், திருப்பித் தருதல் பற்றிய விதிகளில் 'கால் ஆஃப்' வேண்டாம், 'கேன்சல்' என்றே இருக்கட்டும். பணம் பேசும் இடத்தில் அரசாணை நடைதான் நல்லது.

அத்தை, ஏற்காடு | 9.05
தண்ணீரைப் பொறுத்துக்கொள்வோம் என்று அவர்கள் சொன்னாலும் இந்தக் குளிரில் நான் வெந்நீர் வைக்காமல் இருக்க மாட்டேன். அதற்கு ஆங்கிலம் வேண்டாம்.

மாமா, ஏற்காடு | 11.47
பதில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் 'செட் ஆஃப்' ஆகி, நண்பகல் வாக்கில் 'டர்ன் அப்' ஆவார்களாம். அக்கா, எதைத் திருப்பப் போகிறார்கள்?

பெரியம்மா, சூரமங்கலம் | 11.49
எதையும் திருப்பவில்லை. காலையில் கிளம்பி நண்பகலுக்கு வந்து சேருகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேருக்குக் கூடுதலாக அரிசி போடச் சொல்.