கரையில் நின்று கொடுவாவுக்கு ஸ்விம்பெய்ட் எறிகிறவர்கள் லூரை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

கல்லடிக்கரை:
வணக்கம். பின்னேரங்களில் மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பழைய பாலத்தடியிலும், நேரம் கிடைத்தால் பாலமீன்மடு முகத்துவாரப் பக்கமும் கரையில் நின்று எறிகிறேன். முந்தி உயிர் இறால்தான் போடுவேன், இப்போது ஸ்விம்பெய்ட், அந்த வாலாட்டி நீந்தும் றப்பர் மீன். கொடுவா அடிக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் லூர், அதாவது இந்தப் போலி இரை, கையில் நிற்பதில்லை. பாலத்துத் தூணடியில் சிப்பியில் கொழுவுகிறது, கண்டல் பக்கம் போனால் வேரில் கொழுவுகிறது, முகத்துவாரத்தில் என்னத்தில் கொழுவுகிறது என்றே விளங்குவதில்லை. இழுத்தால் பிரெய்ட், அந்தப் பின்னல் நூல், நடுவில் அறுந்து விடுகிறது. நல்ல லூர்களைக் கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்கிறேன், இந்த வேகத்தில் போனால் கட்டுப்படியாகாது.

எந்த நீளம், எவ்வளவு பாரம் போடுகிறீர்கள்? அமெரிக்காக்காரர்கள் பாஸ் மீனுக்கு எறிகிற 8 அங்குல மூட்டு வைத்த பெரிய லூர்கள் எங்கள் வாவிக்குச் சரிவருமா? கொழுவி விட்டால் எப்படிக் கழற்றுவது? என்னிடம் இருப்பது 8 அடி றொட், 3000 அளவு றீல், 20 இறாத்தல் பிரெய்ட்.

வாவிமகன்:
தம்பி, லூரை மாற்ற முதல் முள்ளை மாற்றுங்கள். நீங்கள் போடுவது ஈயத்தலையோடு முள் முதுகில் நிமிர்ந்து நிற்கிற சாதாரண ஜிக் ஹெட் என்று நினைக்கிறேன். அது முகத்துவாரத்து மணலுக்குத்தான் நல்லது. தூணடிக்கும் கண்டல் வேருக்கும் வேண்டியது வளைவு அகன்ற ஓப்செட் முள், தண்டிலே ஈயம் வைத்தது, தலையில் திருகிப் பூட்டச் சின்னச் சுருள் கம்பி உள்ளது. றப்பர் மீனின் மூக்கில் சுருளைத் திருகி ஏற்றுங்கள், முள்ளை வயிற்றுப் பிளவால் விட்டு முதுகால் வெளியே எடுங்கள். பிறகு நுனியை முதுகோடு படுக்க வைத்து, தோலுக்குள் ஒரு மயிரிழை மட்டும் திரும்பக் குத்தி விடுங்கள். விரலை வாலிலிருந்து தலைப்பக்கமாகவும் தலையிலிருந்து வாலுக்கும் தடவிப் பாருங்கள், எந்தப் பக்கம் போனாலும் நுனி விரலில் தட்டக்கூடாது. ஆனால் உடம்பைக் கொஞ்சம் நசித்தால் உடனே வெளியே வர வேண்டும். ஆழமாகப் புதைத்தால் கொடுவா வாயில் எடுத்தாலும் முள் ஏறாது, வெறும் றப்பரைத்தான் இழுத்துக்கொண்டு வருவீர்கள். உடம்பு தடித்த லூருக்குச் சின்ன முள் போட்டாலும் இதே கதைதான்.

அடுத்தது தண்ணீரின் அடித்தரை. எந்த இடத்துக்குப் புதிதாகப் போனாலும் நான் முதலில் லூர் போட மாட்டேன். முள் இல்லாமல் வெறும் ஈயக்குண்டு ஒன்றைக் கட்டி நாலு பக்கமும் எறிந்து, மெதுவாக அடியோடு இழுத்து வருவேன். சேறு என்றால் பிசின் மாதிரிப் பிடித்துப் பிடித்து விடும். மணல் வழுக்கிக்கொண்டு வரும். சிப்பி என்றால் றொட் நுனியில் டிக் டிக் என்று தெரியும், கையை ஏமாற்றாது. எங்கே குண்டு நின்று போகிறதோ அந்த இடத்தை அக்கரையில் ஒரு மரத்தையோ லைட் கம்பத்தையோ வைத்து ஞாபகம் பிடியுங்கள். போனால் ஒரு ஈயம் போகும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் மணல் மூடிய ஆற்றுவாயை வெட்டித் தண்ணீர் கடலுக்குப் பாய்ந்த பிறகு இந்த வேலையைத் திரும்பவும் செய்ய வேண்டும், ஏனென்றால் வெள்ளத்தோடு வந்த மரமும் மூங்கிலும் புது இடங்களில் கிடக்கும். உங்களுக்கு முகத்துவாரத்தில் என்னத்தில் கொழுவுகிறது என்று விளங்காததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

பாரம் கூடினால் தூரம் போகும், ஆனால் அடியில் குந்தி விடும். கண்டல் ஓரத்தில் 7 கிராம் தாராளம். தூணடிக்கு 10. முகத்துவாரத்தில் நீரோட்ட இழுவை இருந்தால் 14 முதல் 21 வரை போகலாம். விழுந்தவுடன் மனதுக்குள் எண்ணுங்கள், பிரெய்ட் தளர்ந்தால் அடி தொட்டு விட்டது. அடுத்த எறிதலில் அந்த எண்ணுக்கு இரண்டு முன்னமே றீலைச் சுற்றத் தொடங்குங்கள். கொடுவா மேலே பார்த்து அடிக்கிற மீன், அடியை உரசிக்கொண்டு போக வேண்டிய தேவையே இல்லை.

சாகாமத்தான்:
வாவிமகன் அண்ணன் சொன்னதில் எனக்கும் சம்மதம். நான் அம்பாறைப் பக்கம், அதிகம் குளத்தில் விராலுக்கு எறிகிறவன். இங்கே தண்ணீரை ஆற்றுவாழையும் சல்வீனியாப் பூண்டும் மூடிக் கிடப்பதால் முள் மறைக்காத லூரைப் பற்றி யோசிக்கவே முடியாது.

அந்தப் பாஸ் விசயத்துக்கு வருகிறேன். அவர்கள் பிடிப்பது லார்ஜ்மவுத் பாஸ், நன்னீர் மீன். எங்கள் கொடுவாவை ஆங்கிலத்தில் ஏசியன் சீ பாஸ் என்று சொன்னாலும் இரண்டும் வேறு வேறு குடும்பம். கலிபோர்னியாவில் நீர்த்தேக்கங்களுக்குள் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள், அதைத் தின்று பாஸ் பெருத்தது, அதனால்தான் ட்ரவுட் அளவிலேயே பெரிய ஸ்விம்பெய்ட் செய்யத் தொடங்கினார்கள். எங்கள் வாவியில் கொடுவா தின்பது திரளிக் குஞ்சும் இறாலும். 4 அங்குலம் போதும், பெரியதுக்கு என்றே நிற்கிறீர்கள் என்றால் 5. கரையில் நின்று 8 அங்குலத்தை எறிய உங்கள் றொட்டும் தாங்காது.

மூட்டு லூர் ஆசை என்றால் மிதக்கிற வகையை வாங்குங்கள். கட்டையில் முட்டியது கையில் தெரிந்ததும் சுற்றுவதை நிறுத்தினால் அதுவாகவே மேலே வரும், தாழ்கிற வகை இன்னும் உள்ளே போகும். வாங்கியதும் மூன்று முள்ளுக் கொத்து இரண்டையும் கழற்றி விட்டு ஒற்றை முள் போடுங்கள். ஆறு நுனி இருந்த இடத்தில் இரண்டுதான் இருக்கும், கொழுவுவது நன்றாகக் குறையும். இன்னொன்று, நன்னீருக்கென்று செய்த முள் உப்புத் தண்ணீரில் கெதியில் துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள்.

லூர் போகிறதே என்று தண்ணீருக்குள் மட்டும் இறங்க வேண்டாம். வாவியிலும் முதலை இருக்கிறது, குளங்களிலும் இருக்கிறது. பொழுது பட்டால் எங்கள் பக்கம் குளத்துக்கு யானையும் வரும். எவ்வளவு விலைகூடிய லூர் என்றாலும் விட்டு விட்டு வாருங்கள்.

கண்டல் நிழல்:
கழற்றுவது பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். கொழுவியது தெரிந்தவுடன் இழுக்கக் கூடாது. எல்லோரும் செய்வது அதைத்தான், அப்போதுதான் முள் இறுகுகிறது. பிரெய்ட்டைத் தளர விட்டு றொட் நுனியைச் சும்மா ஆட்டுங்கள், அநேகமாக ஈயத்தின் பாரத்திலேயே லூர் பின்பக்கமாக விழுந்து விடும். அதற்கும் வராவிட்டால் பிரெய்ட்டைக் கொஞ்சம் இறுக்கி வைத்துக்கொண்டு, றீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவில் இரண்டு விரலால் பிடித்து வில் நாணை இழுப்பதுபோல் இழுத்துச் சட்டென்று விடுங்கள். அந்த அதிர்வு அடி வரைக்கும் போகும். அடுத்தது இடம் மாறுவது. எந்தப் பக்கத்தால் போய்க் கொழுவியதோ அதற்கு எதிர்ப் பக்கம் நடந்து போய் இழுக்க வேண்டும். கரையில் நிற்கிறவனுக்கு உள்ள பெரிய வசதியே கால்தான்.

பாலத்து மேலிருந்து என்றால் இன்னொரு வழி இருக்கிறது. மோட்டார்சைக்கிளின் பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றைத் தனி நூலில் கட்டி, அதன் முனை இடுக்குக்குள் பிரெய்ட்டை விட்டு லேசாக நசித்து மூடி, கீழே சறுக விடுங்கள். பிளக் போய் லூரின் மூக்கில் இடிக்கிற இடியில் கழன்று விடும். கரையிலிருந்து சரிவாக விட்டால் அவ்வளவு வேலை செய்யாது.

ஒன்றுக்கும் வராவிட்டால் றொட்டால் இழுத்து உடைக்காதீர்கள். பிரெய்ட்டை ஒரு தடியில் சுற்றிப் பின்னால் நடந்து போங்கள். கையில் சுற்றினால் தசையை அறுத்து விடும். நான் கம்பி மெல்லிய முள்தான் போடுகிறேன், இப்படி இழுக்கும்போது அது நிமிர்ந்து லூர் வந்து விடுகிறது.

வாவிமகன்:
மெல்லிய கம்பியில் எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல கொடுவா ஒன்று தூணைச் சுற்றிப் போனால் அந்த முள்ளை அதுவும் நிமிர்த்தி விடும். லூரைக் காப்பாற்றப் போய் மீனை விடுகிற கணக்கு. மணலில் சின்னப் பாரை மீனுக்கு என்றால் போடுங்கள், தூணடியில் வேண்டாம்.

கிரான்குளம்:
நான் தூண்டில்காரன் இல்லை, வீட்டில் வாவித் தொழில். அதனால் ஒரு விசயம் சொல்ல வேண்டும். இரவில் முழங்கால் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்து இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், வீச்சு வலையைக் கையால் கூட்டி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அறுத்து விட்டுப் போகிற மூன்று முள் அவர்களின் காலிலும் கையிலும்தான் ஏறுகிறது. எங்கள் வீட்டில் ஒருவருக்கு உள்ளங்காலில் ஏறி ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள், கன நாள் தொழிலுக்குப் போக முடியாமல் போனது. அந்த ஒற்றை முள் யோசனையை எல்லோரும் கேளுங்கள், முள்ளின் எதிர்க்கொளுக்கியையும் குறட்டால் நசித்து விடுங்கள். கட்டு வலை, மிதப்பு தெரிகிற இடத்தில் எறிய வேண்டாம். பிரெய்ட் துண்டுகளைக் கரையில் போட வேண்டாம், கொக்கு, நாரையின் காலில் சுற்றுகிறது.

கல்லடிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. கிரான்குளம், நீங்கள் சொன்னதை இன்றைக்கே செய்கிறேன், பெட்டியில் உள்ள மூன்று முள் எல்லாவற்றையும் கழற்றப் போகிறேன். கடைசியாக ஒன்று, பிரெய்ட் நடுவில் அறுவதற்கு என்ன செய்வது? லூருக்கு முன்னால் கட்டுகிற தங்கூசி லீடர் ஒன்றரை அடிதான் போடுகிறேன்.

வாவிமகன்:
அதுதான் கட்டை, நீளம் போதாது. சிப்பியில் உரசினால் பிரெய்ட் உடனே போகும், தடித்த தங்கூசி கொஞ்சம் தாங்கும். ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு 40 இறாத்தல் லீடர் போடுங்கள், பிரெய்ட்டையும் 30க்கு ஏற்றுங்கள். கொடுவாவின் செவுள் ஓரம் கத்தி, வாய்க்குள்ளும் அரம், அதற்கும் அந்தத் தடிப்பு வேண்டும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு தடவை கொழுவிக் கழன்ற பிறகும் லீடரின் கடைசி ஒரு சாண் நீளத்தை நகத்தால் உருவிப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் அந்தத் துண்டை வெட்டி விட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

பெரிய கொடுவா அகப்பட்டால் முடிந்தவரை திரும்ப விடப் பாருங்கள். அது ஆணாகத் தொடங்கி வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன், பெரியதெல்லாம் முட்டை போடுகிறவை. சனிக்கிழமை வெள்ளென முகத்துவாரத்துப் பக்கம் நிற்பேன், வந்தால் ஓப்செட் முள் ஏற்றுவதை நேரில் காட்டுகிறேன்.